மாப்பிள்ளைக்குக் கிடாரத்தில் என்ன வேலை?

பள்ளிவாசல்துறையில் ஒரு செய்தி காலையில் புறப்பட்டால் பகல் சோற்றுக்கு முன்பு கற்பிட்டிச் சந்தையை எட்டிவிடும். பஸ்ஸுக்குக்கூட அந்த வேகம் கிடையாது. பஸ் வழிநெடுக ஆள் ஏற்றும். செய்தி வழிநெடுக வால் ஏற்றும். இதெல்லாம் நன்றாகத் தெரிந்திருந்தும், கருவாட்டு முதலாளி நெய்னாரின் இளைய மகள் முஃப்லிஹா வாயைத் திறந்தாள். அதுவும் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர். படித்த பிள்ளைகள் விடுகிற பிழைக்குத்தான் விலாசம் பெரிது.

முஃப்லிஹாவுக்கு இருபத்தெட்டு வயது. வந்த சம்பந்தங்களில் ஒருவருக்கு இவள் மூக்குக் கண்ணாடி பிடிக்கவில்லை, ஒருவருக்கு இவள் வேலைக்குப் போவது பிடிக்கவில்லை, மற்றவரை இவளுக்கே பிடிக்கவில்லை. அப்படி இருக்கையில் வந்து சேர்ந்தவன்தான் அஸ்ஜத். ஆலங்குடாப் பையன். அவன் பிறந்தது ஆலங்குடாவில்தான் என்றாலும், வாப்பாவும் உம்மாவும் தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து இறங்கியவர்கள். ஆகவே ஊர் இன்றைக்கும் அந்தக் குடும்பத்தை 'மன்னார் ஆக்கள்' என்றுதான் சொல்லும், முப்பத்தைந்து வருசமாகப் பெட்டியை அவிழ்க்காத விருந்தாளிகள் மாதிரி.

அஸ்ஜத் ரஷ்யாவில் படித்துவிட்டு, கிழக்கு ஐரோப்பாவில் ஒரு சின்ன நாட்டின் அணு மின் நிலையத்தில் வேலை செய்தான். பெரியவர்களின் சம்மதத்தோடு இருவரும் வாட்ஸ்அப்பில் பேசத் தொடங்கினார்கள். மற்றப் பெண்களுக்கு மாப்பிள்ளைமார் ரோஜாப்பூப் படம் அனுப்புவார்கள். இவளுக்கு வந்தது படுத்துக் கிடக்கும் ஒரு கொதிகலனின் வரைபடம்.

"இது எங்கட நீராவிக் கொதிகலன். அமெரிக்காக்காரன் நிமித்தி வச்சான், ரஷ்யாக்காரன் படுக்க வச்சான்" என்று எழுதியிருந்தான். பிறகு பயந்துபோய், "அலுப்பா இருந்தாச் சொல்லுங்க" என்று இன்னொன்று.

முஃப்லிஹா யோசிக்காமல் எழுதினாள்: "ஏன் படுக்க வச்சாங்க?"

அந்தக் கேள்வியில் ஆள் விழுந்துவிட்டான். அன்றிலிருந்து பதில் பதிலாக வந்தது. குழாய் படுத்திருந்தால் அழுக்கு அதன் அடிமுனையில் தங்காதாம். ரியாக்டர்ப் பாத்திரத்தை ரயிலில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டியிருந்ததால் அதை ஒடுக்கமாகச் செய்தார்களாம். முதல் தலைமுறையைக் கட்டியவர்கள் அதற்கு மேலே தடித்த கூடு கட்ட மெனக்கெடவில்லையாம். இரண்டாம் தலைமுறையில்தான் புத்தி வந்து, ஆவி தப்பினால் பிடித்துக் குளிரவைக்க ஒரு கோபுரம் சேர்த்தார்களாம். அவன் வேலை செய்வது அந்த இரண்டாம் தலைமுறையில். எழுபதுகளின் வரைபடம், அவனைவிட மூத்தது. அந்தக் கிழட்டு இயந்திரத்தைப் பற்றிப் பேசும்போது அவனுக்கு வருகிற பாசத்தைப் பார்த்து, ஒரு மனுசியைப் பற்றிப் பேசினால் எப்படி இருக்கும் என்று முஃப்லிஹா கணக்குப் போட்டாள். விடை அவளுக்குப் பிடித்திருந்தது. இவன்தான் வேண்டும், வேறு ஆள் வேண்டாம் என்று முடிவும் எடுத்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பிழை நடந்தது குசினியில். உம்மா றுமைஸா தேங்காய் துருவிக்கொண்டே கேட்டார்.

"மகள், அந்தப் புள்ள அங்க என்னதான் செய்ற? அணு கினு எண்டு சொன்னா எனக்கு வெளங்குதில்ல. ஆக்கள் கேட்டா நான் என்னத்தச் சொல்ற?"

நல்ல டீச்சர் என்றால் பிள்ளைக்குத் தெரிந்ததை வைத்துத்தான் தெரியாததைச் சொல்ல வேண்டும். முஃப்லிஹா நல்ல டீச்சர்.

"உம்மா, ஒரு பெரிய பானை எண்டு நெனைங்க. மூடிய இறுக்கி அடைச்சிருக்கு. அதனால உள்ளுக்குத் தண்ணி எவ்வளவு சூடானாலும் கொதிக்க ஏலா. அந்தச் சுடுதண்ணி குழாயால போய், பக்கத்துப் பானையில இரிக்கிற தண்ணியக் கொதிக்க வைக்கும். ரெண்டு தண்ணியும் ஒண்டோட ஒண்டு சேராது, சூடு மட்டும்தான் போகும். ரெண்டாவது பானையில வாற ஆவியில சக்கரம் சுத்தி, கரண்ட் வரும். இவர் அந்த ரெண்டாவது பானைக்குப் பொறுப்பு. குழாய்ல ஓட்டை கீட்டை இரிக்கா எண்டு பாக்கிறவர்."

"இவ்வளவுதானா! இத முன்னமே சொல்லியிருக்கலாமே" என்றார் றுமைஸா, மனம் குளிர்ந்து. அவருக்குப் பானை விளங்கியது. சக்கரமும் கரண்டும் தேங்காய்ப்பூவோடு போய்விட்டன.

பின்னேரம் வேலிக்கு அந்தப் பக்கத்து றுஷ்னா மாமி வந்தார். ஊரில் எந்த வீட்டில் என்ன கறி என்பதை வாசத்தில் சொல்லிவிடுகிற மனுசி. றுமைஸா பெருமையோடு, "மருமகன் அங்க பெரிய பானைக்குப் பொறுப்பாம். அவர் பாத்துச் சரி எண்டாத்தான் வேலை நடக்குமாம்" என்றார். றுஷ்னா மாமி அதைத் தன் மகளிடம் சொல்லும்போது பானை அண்டா அளவுக்கு ஊதிக் கிடாரமானது. மகள் மீன்வாடியில் சொன்னபோது கிடாரத்தில் சோறு விழுந்தது. கற்பிட்டியை அடைந்தபோது அந்தச் சோற்றுக்கு ஆயிரம் வெள்ளைக்காரர் வரிசையில் நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்த நெய்னாரின் தோளில் ஒரு வெங்காயத் தோட்டக்காரர் கையை வைத்தார்.

"நானா, எங்கட மகன்ட வலீமா விருந்துக்கு ஒங்கட வரப்போற மருமகனப் புடிச்சுத் தருவீங்களா? ஐந்நூறு பேர்தான். அவருக்கு அது கைத்தூசு."

"எதுக்கு?"

"சமைக்கத்தான்."

நெய்னார் ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் யாருடையதோ செருப்புமாக வீட்டுக்கு வந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நெய்னாருக்குச் சமையல் தொழிலோடு கோபம் இல்லை. மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பையன் ரியாத்தில் ஹோட்டல் மனேஜர் என்று சொன்னார்கள். கல்யாணம் முடிந்த பிறகுதான் பீங்கான் கழுவுகிறவர் என்று தெரிந்தது. அந்த மருமகன் தங்கமான மனுசன், இன்றைக்கும் மாமாவின் காலுக்கு எண்ணெய் போட்டுவிடுவான். ஆனாலும் நெய்னாரை வைத்து ஊர் சிரித்தது. கருவாட்டின் கண்ணைப் பார்த்தே அது எந்தக் கிழமை காய்ந்தது என்று சொல்கிற மனுசன், மாப்பிள்ளையின் கண்ணைப் பார்த்து ஏமாந்துவிட்டாரே என்று.

"மகள், நேரா கேக்கிறன், நேரா சொல்லுங்க. அந்தப் புள்ள கோக்கியா, சமையல்காரனா?"

"இல்ல வாப்பா! இஞ்சினியர். பாருங்க, வேலை செய்ற இடத்துல எடுத்த போட்டோ."

ஆத்திரத்தில் அவள் யோசிக்கவில்லை. படத்தைத் திறந்து நீட்டினாள். அந்த மாதிரி நிலையங்களில் உள்ளே போகிறவர்கள் சொந்த உடுப்பைக் கழற்றிவிட்டு வெள்ளை உடுப்பு போட வேண்டும். ஆகவே படத்தில் அஸ்ஜத் தலையிலிருந்து கால்வரை வெள்ளையில் நின்றான். தலையில் வெள்ளைத் தொப்பி. பக்கத்தில் பளபளவென்று ஒரு மாபெரும் எஃகுப் பாத்திரம். முகத்தில், சாப்பாடு தயார் என்பது போல ஒரு சிரிப்பு.

நெய்னார் படத்தைக் கிட்டப் பிடித்தும் எட்டப் பிடித்தும் பார்த்தார்.

"அகப்பை மட்டும்தான் கொறை" என்றார்.

"வாப்பா, அது ரியாக்டர்ட..."

"கோக்கி வேலை ஹராமில்ல மகள். கோக்கி எண்டு சொல்லிட்டு வந்திருந்தா நான் யோசிச்சிருப்பன். பொய் சொல்லிட்டு வந்தா, மூத்தவள்ட கதை போதும் எனக்கு. கத்தத்துக்கு அவங்களக் கூப்பிட்டாச்சு. வரட்டும், சாப்பிடட்டும். அதோட சலாம் சொல்லி அனுப்புவம்."

அணு என்றதும் மொட்டை விழும், பிள்ளை பிறக்காது என்று ஊர் பயப்படப் போகிறது என்றுதான் முஃப்லிஹா எதிர்பார்த்திருந்தாள். அதற்கான பதில்களைக்கூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். ஊரோ அணுவைத் திரும்பியும் பார்க்கவில்லை; அகப்பைக்கல்லவா பயந்துவிட்டது!

கத்தம் என்பது நெய்னாரின் மறைந்த வாப்பா உம்மாவுக்காக வருசாவருசம் வீட்டில் குர்ஆன் ஓதி, ஊருக்குச் சோறு கொடுப்பது. அதற்கு ஒரு கிழமை இருந்தது. இரண்டு நாள் முஃப்லிஹா சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் எட்டாம் வகுப்புக்குப் பரிசோதனை படிப்பித்துக்கொண்டிருந்தபோது, தன் வாயிலிருந்தே ஒரு வசனம் வந்தது: "ஒண்டு பிழை எண்டு காட்ட ஆயிரம் விளக்கம் தேவையில்ல, ஒரு பரிசோதனை போதும்." சோக்குக் கட்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். அஸ்ஜத்துக்கு முட்டை அவிக்கவும் பாண் ரொட்டி வெட்டவும் தவிர ஒன்றும் தெரியாது. அவனே சொல்லியிருக்கிறான், அதுவும் வெட்கமே இல்லாமல்.

அன்றிரவே உம்மாவைப் பிடித்தாள். உம்மா வாப்பாவைப் பிடித்தார்.

"இங்க பாருங்க, கிடாரத்த அந்தப் புள்ளட கையில குடுத்துப் பாருங்களேன். கோக்கி எண்டா கை சும்மா இருக்காது. கை சொல்லிடும்."

சரக்கைத் தொட்டுப் பார்த்து வாங்குகிற மனுசனுக்கு இது பிடித்துப்போனது. "அதுவும் சரிதான்" என்றார்.

அஸ்ஜத்துக்கு மட்டும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பரிசோதனை பழுதாகிவிடும் என்று முஃப்லிஹாவும் சொல்லவில்லை. ஆனால் ஆலங்குடாவுக்கு மட்டும் செய்தி போகாதா? போனது, வாலோடு. 'அந்த வீட்டில் சமைக்கத் தெரிந்த மாப்பிள்ளைதான் வேண்டுமாம்' என்று. விடுமுறையில் வந்து இறங்கியிருந்த பையன் தாத்தா என்று கூப்பிடுகிற தன் அக்காவின் குசினியில் கதவைச் சாத்திக்கொண்டு நாலு நாள் நெய்ச்சோறு பழகினான். இது முஃப்லிஹாவுக்குத் தெரியாது.

கத்த நாள் வந்தது. ஓதி முடிந்து, ஆண்கள் வளவுப் பக்கம் கதிரைகளில் சாய்ந்தார்கள். பெண்கள் குசினி யன்னலடியில். மாமரத்துக்குக் கீழே சமையல்காரர் நளீர் கிடாரத்தில் நெய்யும் றம்பை இலையும் தாளித்து, அரிசி போட்டு, தண்ணீர் அளந்துவிட்டு, சொல்லிவைத்தபடி ஒதுங்கினார்.

நெய்னார் தொண்டையைச் செருமினார். "தம்பி அஸ்ஜத், நளீருக்கு முதுகு நோகுதாம். கொஞ்சம் பாருங்களேன்."

அஸ்ஜத் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தான், பரீட்சைக்குப் படித்துவிட்டு வந்த பிள்ளையின் துள்ளலோடு. தண்ணீர் வற்றும் பதம் பார்த்தான். கரண்டியால் ஓரமாகப் பிரட்டினான். மூடியின் விளிம்பைப் பிசைந்த மாவால் அடைத்தான். அடுப்பு விறகை இழுத்துவிட்டு, அடியில் கொஞ்சமும் மூடிக்கு மேலே கொஞ்சமும் சிரட்டைத் தணல் போட்டுத் தம்மில் வைத்தான். நெய் வாசம் வேலி தாண்டிப் போனது.

யன்னலடியில் முஃப்லிஹா வாசம் பிடித்துப் பார்த்தாள். யா அல்லாஹ், நல்லா வருதே!

"கையப் பாத்தீங்களா?" என்றார் றுஷ்னா மாமி, எல்லாருக்கும் கேட்கும் இரகசியக் குரலில். "பழகின கை. இது நூத்துக்கு நூறு கோக்கிட கை."

நெய்னார் பையனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கருவாட்டில் புழுவைக் கண்டுபிடித்தால் அவர் முகம் எப்படி ஆகுமோ, அப்படி ஆகிக்கொண்டு வந்தது. இன்னும் பத்து நிமிசத்தில் மூடி திறந்தால் பூப்போலச் சோறு வரும். அதோடு சலாம்.

முஃப்லிஹா யன்னல் கம்பியைப் பிடித்தாள். நாற்பது பிள்ளைகளை அடக்கி வைக்கிற குரல் அவளுக்கு உண்டு. அதை எடுத்தாள்.

"நெருப்ப இழுத்துட்டா சூடு நிண்டுடுமா?"

வளவில் எல்லாத் தலைகளும் யன்னல் பக்கம் திரும்பின. கல்யாணம் பேசுகிற பெண், ஆண்கள் பக்கம் பார்த்து, இவ்வளவு சத்தமாக! றுஷ்னா மாமிக்கு ஒரு மாதத்துக்குப் போதுமான தீனி கிடைத்தது.

அஸ்ஜத் திரும்பினான். அவன் கண்ணில் அந்த வெளிச்சம் வந்ததை முஃப்லிஹா கண்டாள்.

"நிண்டா எங்களுக்கு வேலையே இல்லையே!" என்றான். "ரியாக்டர நிப்பாட்டின பிறகும் உள்ளுக்குச் சூடு வந்துட்டே இரிக்கும். ஓடக்குள்ள வந்த சூட்டுல நூத்துக்கு ஆறேழு பங்கு, நிப்பாட்டின உடனேயும் இரிக்கும். பிறகு மெல்ல மெல்லத்தான் கொறையும். ஆக்கள் நெனைக்கிறது, அணைச்சிட்டா வேலை முடிஞ்சிது எண்டு. இல்ல! அணைச்ச பிறகுதான் கவனம் வேணும். தண்ணி ஓடிட்டே இரிக்கணும். யாராவது மறந்து கதைச்சிட்டு நிண்டா..."

"தம்பி," என்றார் நளீர், "தணல..."

"அப்ப புதுசு நல்லமா, பழசு நல்லமா?" என்றாள் முஃப்லிஹா, நளீரின் குரலுக்கு மேலே ஏறி.

கதிரைகள் நகர்ந்தன. இதற்கு எல்லாரிடமும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. பழைய ஹைஏஸ் வேன் வைத்திருந்த ஒருவர், "பழசுதான்! இரும்பு கூட" என்று சத்தியம் பண்ணினார்.

"புதுசுக்குப் பாதுகாப்பு கூட. அதுல பொய் இல்ல" என்றான் அஸ்ஜத். "முதல் தலைமுறை எண்டா நானே கிட்டப் போக மாட்டன். ஆனா எங்கட ரகத்துல ஒரு நல்ல கொணம் இரிக்கி. அது தாற சூட்டுக்குத் தண்ணி நெறைய. அதனால கோவம் மெதுவாத்தான் ஏறும். ஏதும் பிசகினா யோசிக்க நேரம் தரும்."

"மனுசருக்கே இல்லாத கொணம்" என்றார் நெய்னார், தன்னையறியாமல். கதிரையை முன்னுக்கு இழுத்திருந்தார்.

நளீர் கிடாரத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், யன்னலையும் பார்த்தார். எதையோ விளங்கிக்கொண்டவர்போலக் கையைக் கட்டிக்கொண்டார்.

"அந்தத் தண்ணி ஏன் ஆறு வழியில போகுது?" என்றாள் முஃப்லிஹா. "ரெண்டு வழி போதாதா?"

அதோடு அஸ்ஜத் இந்த உலகத்தில் இல்லை. ஒரு குச்சியை எடுத்து மணலில் குந்திவிட்டான். நடுவில் ஒரு வட்டம். அதிலிருந்து வளையம் வளையமாக ஆறு. ஒவ்வொரு வளையத்திலும் ஒரு படுத்த கொதிகலன், ஒரு பம்பு. ஆண்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். "இதுல ஒண்ட மூடினாலும் மத்த அஞ்சும் ஓடும். ஏன் இப்படிச் செஞ்சாங்க எண்டா, அந்தக் காலத்துல..."

வாசம் முதலில் றுஷ்னா மாமிக்குத்தான் பட்டது. பின்னே?

"என்னமோ கரியுதே!"

நளீர் பாய்ந்து தணலைத் தட்டி, மாவை உடைத்து, மூடியைத் தூக்கினார். வெள்ளைப் புகை வந்தது. பிறகு வெள்ளை இல்லாத புகையும் வந்தது. மேலே சோறு நல்ல நிறம். நடுவில் பொன்னிறம். கரண்டியை அடிக்கு விட்டுக் கிண்டியபோது, மூட்டையிலிருந்து கரி கொட்டினதுபோல் ஒரு சத்தம்.

அஸ்ஜத்தின் கையிலிருந்து குச்சி விழுந்தது. நாலு நாள் படிப்பு கண்ணுக்கு முன்னால் புகைந்துகொண்டிருந்தது.

நளீர் கரண்டியில் ஒரு கறுத்த கட்டியை எடுத்து முதலாளிக்குக் காட்டினார். "வல்லாஹி சொல்றன், இந்தப் புள்ள சோத்துக்கு ஒரு நாளும் சம்பளம் வாங்கியிருக்க ஏலா. கோக்கி எண்டா வாய் எங்க இருந்தாலும் கண்ணு தணல்ல இரிக்கும்."

நெய்னார் அந்தக் கட்டியை வாங்கிக் கடித்தார். கரகரவென்று மென்றார். முகம் மலர்ந்தது.

"கருகிப்போச்சு!" என்று வளவு முழுக்கக் கேட்கக் கூவினார், பெருநாள் பிறை கண்டவர்போல. "அடி முழுக்கக் கரி!"

"மாமா, மன்னிக்கணும், நான்..." என்று அஸ்ஜத் மணலிலிருந்து எழுந்தான்.

"என்னத்துக்கு மன்னிப்பு? இந்த மாதிரி ஒரு சோத்த எந்தக் கோக்கியாலயும் ஆக்க ஏலா!" என்று சொல்லிப் பையனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அஸ்ஜத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. நெய்னார் வெங்காயத் தோட்டக்காரரின் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா? வலீமாவுக்கு வேற ஆளப் பாருங்க" என்றார்.

யன்னலடியில் முஃப்லிஹா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். வீணான அரிசியை நினைக்கப் பாவமாகத்தான் இருந்தது. தௌபா செய்து அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்தாள். ஆனால் உடனே இல்லை.

மேற்சோற்றை வழித்தெடுத்து, கரிவாசத்தை அச்சாறும் மாசிச் சம்பலும் போட்டு மறைத்து, பாயில் சஹன்கள் வைத்தார்கள். பெரிய தட்டத்தைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது. யாரை யாரோடு உட்கார்த்துகிறார்கள் என்பதில்தான் ஊர் எல்லாவற்றையும் படிக்கும். பெண்கள் யன்னலில் நெருங்கினார்கள். நெய்னார் பள்ளித் தலைவரை வலது பக்கம் உட்கார்த்தினார். இடது பக்கம் பாயைத் தட்டி, "தம்பி, இங்க" என்றார். அஸ்ஜத்தின் வாப்பாவையும் இழுத்துத் தன் முன்னால் உட்கார்த்தினார். பிஸ்மி சொல்லி இரண்டு பிடி சாப்பிட்ட பிறகு, சோற்று மேட்டின் உச்சியிலிருந்த கோழித் தொடையை எடுத்துத் தன் பக்கம் வைக்கவில்லை. அஸ்ஜத்தின் பக்கம் தள்ளிவைத்தார்.

"ஷவ்வால் மாசம்" என்றார் றுமைஸா, முந்தானையால் கண்ணைத் துடைத்து. அவர் அந்தத் தொடையிலேயே கல்யாணத் தேதியையும் வாசித்துவிட்டார்.

றுஷ்னா மாமி பெருமூச்சு விட்டார். "நல்லதுதான். ஆனா பாவம் இந்தப் புள்ள. அந்தக் குளிர் நாட்டுல ஆக்கிக் குடுக்க ஒரு ஆளில்ல, புருசனுக்கோ சோறு கருகுது. பட்டினிதான் கெடப்பா." அன்று பின்னேரத்துக்குள் அந்தச் செய்தியும் கற்பிட்டிக்குப் போய்ச் சேரும்.

கை கழுவிக்கொண்டு ஆண்கள் எழும்பும்போது முஃப்லிஹாவின் போன் அதிர்ந்தது.

"மூணு கேள்வியும் வேணும் எண்டுதானே கேட்டீங்க?"

முஃப்லிஹா யன்னலால் பார்த்தாள். அவன் கிணற்றடியில் முதுகைக் காட்டி நின்றான். கோபமா இல்லையா என்று முதுகில் படிக்க முடியவில்லை. பொய் சொல்லிக் கல்யாணம் தொடங்கக் கூடாது என்று அந்த வீட்டில் ஒரு கொள்கை உண்டு.

"ஓம்" என்று அனுப்பினாள்.

கிணற்றடியில் அந்த முதுகு போனுக்கு மேலே குனிந்தது. பிறகு வந்தது.

"ஆறு வளையத்துட கதை இன்னும் முடியல்ல."

முஃப்லிஹா சிரித்துக்கொண்டே எழுதினாள்: "சொல்லுங்க."